நெஞ்சில் வார்த்த பால்

நெய்வேலி டவுன்ஷிப்,
ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில்.

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா மருதமுத்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நெஞ்சில் ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு பையுமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அனைவரும் நலம் என்று எழுதினால் பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். ஆகவே முக்கால் நலம் என்று வைத்துக்கொள், மிச்சம் கால் நாளைக்குத் தெரிந்துவிடும். உங்கள் நியூசிலாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் ரிட்டயர் ஆகவில்லை, எக்ஸ்டென்ஷன் வாங்கிவிட்டது போலிருக்கிறது. பலாப்பழம் வந்துவிட்டது. வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் யாரோ ஒரு மகராசன் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான், வாசனை எல்லோருக்கும் பங்கு வருகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போனில் இப்போது ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்கிறது, காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் நீ பேசினால் அது வார்டு மொத்தத்துக்கும் சேர்த்துப் பேசியதாகிறது, போன வாரம் நீ பேசியதையே இன்னும் இவர்கள் மறக்கவில்லை. அதோடு நான் சொல்ல வந்தது உன் அம்மாவைப் பற்றி, அவளோ என் கட்டிலை விட்டு நகர்வதில்லை. இப்போதுதான் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வர குவார்ட்டர்ஸுக்குப் போயிருக்கிறாள். எழுதி முடித்ததும் நம் எதிர்வீட்டு சாகுல் ஹமீது பாய் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். என்னோடு மைன்ஸ் பம்ப் செக்ஷனில் ஒரே ஷிப்டில் இத்தனை வருஷம் இருந்த மனுஷர், படம் பிடிக்கும்போது கட்டாயம் படித்துவிடுவார். அதனால் இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதப் போகிறேன், நீ அதை அப்படியே நம்பிவிடாதே.

நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், ஆளுக்கு ஒன்றாகச் சொல்லியிருப்பார்கள், நான் முதலிலிருந்து சொல்கிறேன். பாண்டிச்சேரியில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா என்று சொன்னபோது உன் அம்மா அவர் காலில் விழப் போய், அவர் ஒதுங்கிக்கொள்ள, நெஞ்சுல பால வாத்தீங்க சாமி என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாளாம். இதைச் சொன்னது உன் துரைராஜ் மாமா. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு என்னைத் தேற்றுகிற பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் கையில் ஒரு நோயாளி கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு அடுப்பில் இடம் கிடையாது. காலையில் பால், சாயங்காலம் பாதாம் போட்ட பால், ரசம் சாதத்தில் நெய், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால். ஆபரேஷனுக்கு முன்பு நான் கேட்டும் கிடைக்காததெல்லாம் பின்பு கேட்காமலே கிடைத்தது. இதற்காகவே இன்னும் கொஞ்சம் முன்னால் நெஞ்சைத் திறந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு நடந்தால், பிறகு சும்மா படுத்தாலே. மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் இறங்கிவிடும். ஆபரேஷன் பண்ணின உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு டாக்டராகிவிட்டேன். இந்த வாரம் போகலாம் அந்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் காலும் வீங்கியது. நம் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், இது நீர் கோத்துக்கினு இருக்குது என்றார்கள். நீர் கோத்தால் நமக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. நொச்சித்தழையைக் கொதிக்கவைத்துக் கம்பளியைப் போர்த்தி வேது பிடிக்கவைத்தாள் உன் அம்மா. ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவனைக் கம்பளிக்குள் போட்டு மூடினால் எப்படி இருக்கும், நினைத்துப் பார். வேர்த்து விறுவிறுத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அதற்குள் சாகுல் பாய் வந்து கம்பளியை இழுத்து எறிந்து ஆட்டோ பிடித்தார். இதுதான் அவரைப் பற்றிய நல்ல விஷயம், எழுதிவிட்டேன்.

இங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னது என்ன தெரியுமா, இருதயத்தைச் சுத்தி நீர் கோத்திருக்கு என்றார். பிளாக் ஜனங்கள் சொன்னதேதான், இடம்தான் கொஞ்சம் தப்பு. இருதயத்துக்கு மேல் உறை மாதிரி ஒரு பை இருக்கிறதாம், அதற்குள் தண்ணீர் நிரம்பி இருதயத்தை விரியவிடாமல் அமுக்குகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது எழிலு. நம் சுரங்கத்தில் கரிக்கு அடியில் தண்ணீர் எந்நேரமும் மேலே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும், பம்பை நிறுத்தினால் அத்தனை பெரிய மிஷினும் மிதக்க வேண்டியதுதான். அந்தத் தண்ணீரை வெளியேற்றிச் சம்பளம் வாங்கியவன் நான், அது என்னை மறக்காமல் வீடு தேடி வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு உறிஞ்சினார்கள். உறிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தால் ஊசிக்குள் பால். சத்தியமாகச் சொல்கிறேன், ஆவின் பாக்கெட்டை வெட்டி ஊற்றிய மாதிரி வெள்ளை வெளேரென்று பால்.

பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாம் சாப்பிடுகிற கொழுப்பெல்லாம் குடலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக நெஞ்சுக்குள் ஏறி ரத்தத்தில் கலக்குமாம். அந்தக் குழாய்க்கு நூல் மாதிரிக் கிளைகள், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆபரேஷன் சமயத்தில் அதில் ஒன்று லேசாகக் கிழிபட்டால், சாப்பிட்ட கொழுப்பு பாலாக இருதயப் பைக்குள் கசியும். ரொம்ப ரொம்ப அபூர்வம், என் சர்வீஸ்ல இதுவரைக்கும் பாத்ததில்ல, யார் தப்பும் இல்ல என்றார். குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட்டிலும் சரி, பிரமோஷனிலும் சரி, எந்தக் காலத்திலும் என் பெயர் முதலில் வந்ததில்லை, இதற்கு மட்டும் முதல் ஆளாக வந்திருக்கிறேன். ஆனால் இதைக் கேட்ட அம்மா முகம் செத்துவிட்டது. நெஞ்சுல பால வாத்தீங்கன்னு நான்தான் சொன்னேன், அது பலிச்சுப்போச்சு, என் வாயில கொள்ளிய வெக்க என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். வார்த்தைக்கு அவ்வளவு சக்தி இருந்தால் அவள் என்னை இத்தனை வருஷம் திட்டியதற்கு நான் எப்போதோ சாம்பலாகியிருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

குழாய் போட்டு, பை மாட்டி, நிலைமை கட்டுக்குள் வந்ததும், இனி உங்க ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கலாம், பத்தியம்தான் முக்கியம் என்று இங்கே அனுப்பினார்கள். உள்ளே கொழுப்பு போகாமல் இருந்தால் கசிவு காய்ந்து கிழிசல் தானாக மூடிக்கொள்ளும், மூடவில்லையென்றால் மறுபடி நெஞ்சைத் திறந்து அந்தக் கொழுப்புக் குழாயைக் கட்ட வேண்டும். கிளம்பும்போது சாப்பாடு சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண் அம்மாவை உட்காரவைத்து எண்ணெய், கொழுப்பு ஒரு சொட்டுகூடக் கூடாது என்று விளக்கினாராம். மற்றதெல்லாம் என்னென்ன சொன்னாரோ, அம்மாவின் காதில் அந்த இரண்டு வார்த்தைதான் ஏறியது. கொழுப்பு என்றால் அவளைப் பொறுத்தவரை கறியில் இருப்பது, இல்லாவிட்டால் உன் அத்தைகளுக்கு இருப்பது. எண்ணெய் என்றால் செக்கில் ஆட்டி வருவது. ஆகவே வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலையே தூக்கி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். தாளிக்காத குழம்பு, வெறும் இட்லி, சுட்ட அப்பளம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, சாமி சத்தியம். ஆனால் மனுஷனுக்குச் சத்து வேண்டாமா, நெஞ்சைத் திறந்து மூடிய உடம்பாயிற்றே. எனவே காலையில் ஒரு பிளாஸ்க், சாயங்காலம் ஒரு பிளாஸ்க், சுண்டக் காய்ச்சிய பால். ரசம் சாதத்தில் நெய். நெய் எண்ணெய் இல்லையே எழிலு. எண்ணெயில் நெய் இருக்கிறது, நெய்யில் எண்ணெய் இல்லை, தமிழ்ப்படி அவள் சொல்வது சரிதான். துரைராஜ் மாமா குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு பை வறுத்த முந்திரியோடு வந்தார், எண்ணெ ஊத்தல மாமா, மணல்ல வறுத்தது, டாக்டரே சாப்பிடலாம் என்றார். நானும் சாப்பிட்டேன். நான் மட்டும் படித்த மேதையா, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

பை வெள்ளையாகவே நிரம்பிக்கொண்டிருந்தது. காலி செய்யச் செய்ய நிரம்பியது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பத்தியம் சரியா இருக்குதாம்மா என்று தினமும் கேட்பார், ஒரு சொட்டு எண்ணெய் இல்லீங்க என்று அம்மாவும் தினமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள். மறுபடி பாண்டிச்சேரிக்கு அனுப்பி நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான் என்று பேச்சு நடந்தது. அப்போதுதான் நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிற சந்திரகலா சிஸ்டர் பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம், டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்போது எல்லோர் முன்பாகவும் அம்மாவைக் கேட்டது, நீங்க சாருக்குப் பால் குடுக்கறீங்களா என்று. உன் அம்மா குற்றச்சாட்டு என்று தெரியாமல் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள். ரெண்டு வேளையும் குடுத்துக்கினுதான் இருக்கேங்க, ஒரு நாளும் விட்டதில்ல, நாட்டு மாட்டுப்பாலு என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதட்டவில்லை, நல்ல மனுஷி. பால் முழுக்கக் கொழுப்பும்மா, நீங்க காலையில குடுக்கறது சாயங்காலம் இந்தப் பையில வருது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு வேடிக்கையும் நடந்தது. பால் கூடாது, நெய் கூடாது, முந்திரி கூடாது என்று சொன்னவர் மருந்துக்கடையிலிருந்து ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். தேங்காயிலிருந்து எடுக்கிற ஏதோ தனி எண்ணெயாம், அது அந்தக் கொழுப்புக் குழாய்க்குப் போகாமல் வேறு வழியாக ரத்தத்தில் சேர்ந்துவிடுமாம், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாமாம். ஆக எண்ணெய் குடுக்கலாம், பால் குடுக்கக் கூடாது. உன் அம்மா அறிந்த உலகம் அன்றைக்குத் தலைகீழாகிவிட்டது.

அன்று சாயங்காலம்தான் நீ போன் பண்ணினாய். விஷயம் கேட்டதும் உனக்குப் பதறியிருக்கும், எனக்குத் தெரியாதா. பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் நீ அந்த ஊர்ப் பால் பவுடர் பேக்டரியில் செய்கிற உத்தியோகமே. பெற்ற தாய்க்கு அதுகூடத் தெரியவில்லையே என்று கோபம் வந்தது நியாயம்தான். நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. நீ அவருக்குக் குடுத்தது பால் இல்லம்மா, விஷம் என்றாய். ஸ்பீக்கரில் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். அவள் பிறந்த வீட்டில் பால் என்பது பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் மட்டும் கடனாக வாங்கி வருவது என்று உனக்குத் தெரியும். நீ பிறந்த பிறகுதான் அவள் தினமும் பால் வாங்குகிற வீட்டுக்காரியானாள். நீ டென்த் படிக்கும்போது மேஜை மேல் டம்ளரை வைத்துவிட்டு நீ குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள், நீ ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றியதெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தக் கை கொடுத்ததை விஷம் என்று சொல்லிவிட்டாய் எழிலு. எனக்கு அன்றைக்கு வலித்தது குழாய் போட்ட இடம் இல்லை.

அதிலிருந்து உன் அம்மா என் வாய்க்கு எதையும் தன் கையால் கொடுப்பதில்லை. சோற்றை டாக்டரம்மா சொன்னபடி ஆக்கிக் கேரியரில் கொண்டுவருகிறாள், மூடியைத் திறக்கிறாள், தள்ளி நின்றுகொள்கிறாள். தண்ணீர் கேட்டால்கூட சிஸ்டர், ஒரு கை குடுத்துடுங்க என்கிறாள். மாத்திரையைத் தொட மாட்டாள். நான் பேசினால் உம் கொட்டுகிறாள். திட்டுவதில்லை எழிலு, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன், பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய காபியையும் விட்டுவிட்டாள், அடுப்படியில் பால் வாடையே ஆகவில்லை என்கிறாள். நீ கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று உனக்கே தெரியும். கோபமென்று நினைக்காதே. கோபமாக இருந்தால் எடுத்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது நாளைய விஷயம். பத்தியம் பிடித்தது, ஊசியும் போட்டார்கள், பையில் வெள்ளை குறைந்து குறைந்து சீரகத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது, அளவும் கொஞ்சம்தான். குழாயை எடுத்துவிடலாம், ஆனால் எடுப்பதற்கு முன்பு கிழிசல் நிஜமாகவே மூடிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறதாம். என்ன சோதனை என்று சொல் பார்க்கலாம். நாளைக் காலை எனக்குக் கொழுப்பு எடுக்காத நல்ல பால் ஒரு பெரிய டம்ளர், வெண்ணெய் தடவிய ரொட்டியோடு கொடுக்க வேண்டுமாம். குடித்துவிட்டுச் சாயங்காலம்வரை பையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெளிவாகவே இருந்தால் பிழைத்தேன். வெள்ளையானால் பாண்டிச்சேரி, மறுபடி நெஞ்சு. டாக்டரம்மா இதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, வீட்லயே நல்லாக் காய்ச்சி எடுத்துக்கிட்டு வாங்கம்மா என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் எத்தனையோ பம்ப் டிரிப் ஆகிப் பார்த்தவன், பயப்படுகிற ஆள் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பயமாகத்தான் இருக்கிறது. நெஞ்சைத் திறப்பதற்கும் பயம்தான், அதைவிட, வெள்ளையானால் இவள் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாள் என்கிற பயம். அம்மா வருகிற சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

மேலே உள்ளது நேற்று முன்தினம் எழுதியது. நேற்று நடந்ததை எழுதுகிறேன். அம்மா பால் காய்ச்ச மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பாய் வீட்டு மஹ்மூதாதான் காய்ச்சிக் கொடுத்தனுப்பியது. சாகுல் பாய் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மருது, மோட்டார ஸ்டார்ட் பண்ணலாமா என்றார். சந்திரகலா சிஸ்டர் டம்ளரில் ஊற்றியது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கூப்பிட்டு நீயே குடு என்றேன். விஷத்த நான் குடுக்க மாட்டேன் என்றாள், திரும்பாமல். உன் வார்த்தையை அப்படியே வைத்திருக்கிறாள் பார். சிஸ்டர் சமாதானம் சொன்னது, பாய் சொன்னார், இது டாக்டரே சொன்ன பாலும்மா என்று பக்கத்துக் கட்டில்காரரும் எதற்கோ சொன்னார். டம்ளரைப் பார்த்தேன், ஆறிக்கொண்டிருந்தது, மேலே ஆடை கட்டிக்கொண்டிருந்தது. இன்னா கனகம், ஆட கட்டிக்கினு இருக்குது, எனக்கு ஆட புடிக்காதுன்னு இவங்களுக்கு யார் சொல்றது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். நான் ஆடையோடு பால் குடித்து நீ பார்த்திருக்க மாட்டாய், குடித்தால் குமட்டும், கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் விரலால் எடுத்துப் போட்டுத் தருவாள். கிட்டே வந்து டம்ளரை எடுத்தேவிட்டாள். ஆடையை எடுக்க விரலை நீட்டும்போது சிஸ்டர், அய்யோ எடுக்காதீங்கம்மா, அதுலதான் கொழுப்பே இருக்குது, சாரு ஆடையோடதான் குடிக்கணும் என்று கத்தியது. அம்மா விரலை இழுத்துக்கொண்டாள். கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இன்னொரு டம்ளரைக் கேட்டு வாங்கினாள், உயரத் தூக்கி இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக ஆற்றினாள், ஆடை தெரியாமல் கலந்து நுரை வருகிறவரை ஆற்றினாள். ஆற்றும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், வேண்டுதலா திட்டா என்று தெரியவில்லை. பிறகு என் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு என் வாயில் வைத்தாள். மெதுவா குடிங்க, பொறைக்கேறப் போவுது என்றாள். பத்தியத்துக்குப் பிறகு நல்ல பால் எழிலு, அதன் ருசியை உங்கள் பேக்டரியில் எந்த மிஷினும் அளந்திருக்காது. பயத்தையும் மறந்து குடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பகல் முழுக்கப் பாய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பம்ப் ஹவுஸில் மீட்டரைப் பார்ப்பதுபோல் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு தரம் வெள்ளையாகத் தெரிந்தது, ஜன்னல் வெளிச்சம். அம்மா பையின் பக்கம் திரும்பவேயில்லை, முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். பையைக் கழற்றாமல் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், சிஸ்டரிடமும் காட்டினார். அதே சீரகத் தண்ணீர்தான். மூடிக்கிச்சும்மா, பால் ஒரு சொட்டுகூட வரல, நாளைக்குக் குழாய எடுத்துடலாம் என்றார். கொஞ்ச காலம் பத்தியம் தொடர வேண்டும், ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், திரும்ப வரவே வராது என்று எழுதிக்கொடுக்க முடியாது என்றும் சொன்னார், அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அம்மா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். நெஞ்சுல பா என்று ஆரம்பித்தாள் பார், அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். வார்டு மொத்தமும் அவளையே பார்க்கிறது. ஒரு நிமிஷம் யோசித்து, வயித்துல பால வாத்தீங்கம்மா, வயித்துல என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள், அவள் வயிற்றை இல்லை, என் வயிற்றை. டாக்டரம்மாவுக்குப் புரிந்து சிரித்துவிட்டார். அவள் சொன்னதும் சரிதானே, காலையில் அவள் வார்த்த பால் வயிற்றோடு நின்றுவிட்டது, நெஞ்சுக்கு வரவில்லை. நான் சிரித்ததில் தையல் இழுத்து வலித்தது, இளிக்காதீங்க, சட்டப் பொத்தானு ஒழுங்கா போடத் தெரியல, இவருக்குச் சிரிப்பு ஒண்ணுதான் கேடு என்று திட்டினாள். திட்டிவிட்டாள் எழிலு. எல்லோர் முன்பாகவும் நன்றாகத் திட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தண்ணீருக்கு யாரும் குழாய் போடத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

உனக்குச் சொல்வது இதுதான். நீ பதறியது பாசத்தில் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், ஆனால் தெரிந்தால் மட்டும் ஆறிவிடாது. நேற்று ராத்திரி உன் போன் வந்தபோதும் எடுக்கவில்லை, ஆனால் அடித்து முடித்ததும் போனை எடுத்து முந்தானையால் துடைத்து என் தலைமாட்டில் வைத்தாள். அடுத்த முறை எடுப்பாள். எடுத்தால் மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, அவளுக்குக் கை கால் ஓடாது. பால் பேச்சை நீயாக எடுக்காதே. மாப்பிள்ளையையும் பேசச் சொல், அவரை அவளுக்குப் பிடிக்கும், உன்னை மாதிரி எதிர்த்துப் பேசுவதில்லை. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, பேக்டரிப் பாலை மற்றவர்களும் கொஞ்ச நேரம் அளக்கட்டும். வில்லுடையான்பட்டு முருகனுக்கு அம்மா ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாள், என்னவென்று கேட்டால் சொல்லவில்லை, பால்குடமாக இருந்தால் நான் தூக்கப் போவதில்லை. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் கோணாமல், எல்லாச் சந்தோஷமும் பெற்று நீண்ட காலம் வாழ அப்பாவின் ஆசி என்றும் உண்டு.

மறக்காமல் ஒன்று. போனை எடுத்ததும் என் உடம்பைப் பற்றிக் கேட்காதே, இன்னாம்மா சமையல் என்று கேள், அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், உம் கொட்டிக் கேட்டுக்கொள். எண்ணெய் ஊத்தினியா என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
மருதமுத்து

அம்மா வந்துவிட்டாள், கையில் இரண்டு டம்ளர். எனக்குக் கடுங்காபி. அவளுக்குப் பால் காபி.